நான்கு அமைச்சர்கள், ஒரு நாற்காலி

1945 நவம்பரில் ஹங்கேரியில் நடந்த பொதுத்தேர்தல் நேர்மையாகவே நடந்தது. சிறுவிவசாயிகள் கட்சிக்கு 57 சதவீத வாக்குகள் கிடைத்தன. கம்யூனிஸ்ட்களுக்கு 17. ஆனால் நாட்டில் முகாமிட்டிருந்தது சோவியத் செஞ்சேனை. கூட்டணி அரசு அமைந்தபோது, கம்யூனிஸ்ட்கள் பிடிவாதமாகக் கேட்டு வாங்கிய இலாகா உள்துறை. காவல்துறை கையில் இருந்தால் மற்றதெல்லாம் தானாக வரும் என்பது கட்சித் தலைவர் மாத்யாஷ் ராக்கோஷிக்குத் தெரியும். எதிர்க்கட்சிகளை சலாமி இறைச்சியைப் போல மெல்லிய துண்டு துண்டாக அரிந்ததாகப் பின்னாளில் அவரே பெருமையடித்துக்கொண்டார். அரிந்த கத்தி உள்துறை.

அந்த இலாகாவை ஏற்ற கம்யூனிஸ்ட் இம்ரே நாகி சில மாதங்களே அமைச்சராக இருந்தார். அவருக்குக் கடுமை போதாது என்று கருதிய கட்சி, 1946 மார்ச்சில் லாஸ்லோ ராய்க்கை அமர்த்தியது. ஸ்பெயின் உள்நாட்டுப் போரில் பாசிஸ்ட்களுக்கு எதிராகப் போராடியவர், உயரமானவர், பேச்சில் வசீகரம் உள்ளவர், இளம் கட்சிக்காரர்களின் நாயகன். அவர் காலத்தில்தான் அரசியல் போலீஸ் ‘ஆவோ’ என்ற பெயரில் உள்துறையின் தனிப்பிரிவாயிற்று. கத்தோலிக்க இளைஞர் அமைப்பு, சாரணர் இயக்கம் உட்பட ஆயிரத்துக்கும் மேற்பட்ட சங்கங்களை அவர் தடைசெய்தார். ராய்க்கைத் தியாகியாக மட்டுமே நினைவுகூர்வது சரியல்ல. இந்த இயந்திரத்துக்கு எண்ணெய் விட்ட கைகளில் அவருடையதும் ஒன்று.

ஆவோவின் தலைமையகம் புடாபெஸ்ட்டில், ஆந்த்ராஷி சாலை, 60-ஆம் எண் கட்டடம். 1944-இல் அது ஹங்கேரிய நாஜிகளான அம்புச் சிலுவைக் கட்சியின் தலைமையகமாக இருந்தது. 1945 தொடக்கத்தில் அதே கட்டடத்தில் குடிபுகுந்தார் கம்யூனிஸ்ட் அரசியல் போலீஸின் தலைவர் காபோர் பேட்டர். முன்பு தையற்காரர். விசாரணை அறைகள், நிலவறைக் கொட்டடிகள், இரவு நேரத்துக் கைதுகள். கொடி மாறியது, கட்டடம் மாறவில்லை. ‘ஆவோ’ 1948-இல் ‘ஆவாஹா’ என்று பெயர் மாறி, பிறகு உள்துறையிலிருந்தும் கழன்று, தனி ஆணையமாக வளர்ந்தபோதும் மக்கள் வாயில் அது ஆவோதான். ரெச்க் கிராமத்துக் கல்குவாரி முகாமில் அது சுமார் 1,500 பேரை வழக்கோ தீர்ப்போ இல்லாமல் பாறை உடைக்க வைத்தது.

1948-இல் ஸ்டாலினுக்கும் யூகோஸ்லாவியாவின் டிட்டோவுக்கும் பகை முற்றியது. ஒவ்வொரு நாட்டிலும் ‘டிட்டோவின் உளவாளி’ ஒருவரைக் கண்டுபிடித்தாக வேண்டிய கட்டாயம். ஹங்கேரியில் அந்தப் பங்குக்குத் தேர்வானவர் ராய்க். உள்துறையிலிருந்து வெளியுறவுத் துறைக்கு மாற்றப்பட்டிருந்த அவரை 1949 மே 30 அன்று அவர் வளர்த்த போலீஸே கைதுசெய்தது. அடி, உதை, உறக்கமறுப்பு. அவர் இடத்தில் உள்துறை அமைச்சராகியிருந்த யானோஷ் காதார் நேரில் போய், கட்சிக்காக ஒப்புக்கொள்ளும்படி வற்புறுத்தினார். இருவரும் குடும்ப நண்பர்கள் என்பதை நினைத்தால் நெஞ்சு கனக்கிறது. செப்டம்பரில் வானொலியில் ஒலிபரப்பான விசாரணையில், மனப்பாடம் செய்துவைத்த குற்றங்களை ராய்க் ஒப்பித்தார். அக்டோபர் 15 அன்று தூக்கிலிடப்பட்டார். மனைவி யூலியா சிறைக்குப் போனார். கைக்குழந்தையான மகனுக்கு அரசு வேறு பெயர் சூட்டி, குழந்தைகள் காப்பகத்தில் சேர்த்தது.

நாற்காலி அடுத்தவரைக் கேட்டது. 1950-இல் காதாருக்குப் பின் வந்தவர் ஷாண்டோர் ஸோல்ட். 1951 ஏப்ரலில் கட்சிக் கூட்டத்தில் தன்மேல் கணைகள் பாய்ந்ததும், அடுத்து என்ன வரும் என்பது அவருக்குப் புரிந்துவிட்டது. வீட்டுக்குப் போய் தாய், மனைவி, இரண்டு குழந்தைகளைச் சுட்டுக்கொன்று தானும் சுட்டுக்கொண்டார். சில நாட்களில் காதாரும் கைதானார், ஆயுள் தண்டனை. காபோர் பேட்டரின் முறை 1953 ஜனவரியில் வந்தது.

ஸ்டாலின் இறந்தபின் நாகி பிரதமராகி முகாம்களை மூடினார். காதார், யூலியா உட்பட ஏராளமானோர் விடுதலையாயினர். வெளியே வந்த யூலியா ராய்க் ஓயவில்லை. 1956 மார்ச்சில் ராக்கோஷியே ராய்க் நிரபராதி என்று ஒப்புக்கொள்ள நேர்ந்தது. அது யூலியாவுக்குப் போதவில்லை. கணவரின் உடலைத் தோண்டியெடுத்து, பகிரங்கமாக அடக்கம் செய்ய வேண்டும் என்று கேட்டார். அக்டோபர் 6 அன்று, 1849-இல் அராட் நகரில் ஹங்கேரியின் 13 தளபதிகள் கொல்லப்பட்டதன் நினைவு நாளில், கெரெபெஷி கல்லறைத் தோட்டத்தில் ஒரு லட்சம் பேருக்கு மேல் திரண்டனர். ஏழு வயது மகன் தாயின் அருகில் நின்றான்.

பதினேழு நாட்களில் புரட்சி வெடித்தது. ஆவாஹாவைக் கலைப்பதாக மீண்டும் பிரதமரான நாகி அக்டோபர் 28 அன்று அறிவித்தார். நவம்பர் 4 அன்று சோவியத் டாங்கிகள் நுழைந்தன. அவற்றின் துணையோடு ஆட்சிக்கு வந்தவர் காதார். நாகி 1958-இல் தூக்கிலிடப்பட்டார். ஆவாஹா என்ற பெயர் திரும்பவில்லை. வேலை உள்துறைக்குள்ளேயே தொடர்ந்தது. 1962-க்குப் பின் உள்நாட்டு எதிர்ப்பாளர்களைக் கண்காணித்த பிரிவின் பெயர் வெறும் எண்: மூன்று/மூன்று.

1980-களில் தடைசெய்யப்பட்ட நூல்களைத் தன் வீட்டிலேயே விற்ற ஒரு கட்டடக் கலைஞரை போலீஸ் மீண்டும் மீண்டும் சோதனையிட்டது. அவர் பெயரும் லாஸ்லோ ராய்க். காப்பகத்தில் வளர்ந்த அதே குழந்தை. 1989 ஜூன் 16 அன்று நாகிக்கு மறு அடக்கம் நடந்தபோது, மாவீரர் சதுக்கத்தின் அஞ்சலி மேடையை வடிவமைத்தவர்களில் அவரும் ஒருவர். அந்த அடக்கத்துக்குப் பிறகும் மூன்று/மூன்று ஒட்டுக்கேட்பதை நிறுத்தவில்லை. புதிய கட்சிகளை அது வேவு பார்த்த ஆவணங்கள் 1990 ஜனவரியில் வெளியாயின. உள்துறை அமைச்சர் இஷ்த்வான் ஹோர்வாத் பதவி விலகினார், பிரிவு கலைக்கப்பட்டது. அந்த வசந்தத்தில் நடந்த தேர்தலில் வென்று, தந்தையின் பெயரோடு ராய்க்கின் மகன் நாடாளுமன்றத்துக்குள் நுழைந்தார்.