தாரைப் படகு

தாரைப் படகு என்பது, நீருக்குள் சுழலும் வெளிவிசிறியின் (புரொப்பெல்லர்) துணையின்றி, அடிப்பகுதியிலுள்ள வாய் வழியாக நீரை உறிஞ்சி, அதனைப் பம்பினால் விரைவுபடுத்திப் பின்புறக் குழல்முனை வழியே பீய்ச்சி, அப்பீய்ச்சலின் எதிர்விசையால் முன்னேறும் எந்திரப் படகாகும். பேச்சு வழக்கில் இதனை ஜெட் படகு என்றும் ஜெட் போட் என்றும் கூறுவர். வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் விசிறியும் சுக்கானும் இல்லாமையால், ஆழம் குறைந்த நீரில் ஓடுவதற்கும் சிறுவர் இறங்கி நீந்தும் இடங்களுக்கும் இது மிகப் பொருத்தமானது. தாரைப் படகு எரிபொருளை மிகுதியாகக் குடிக்கும் என்ற குறை நெடுங்காலமாகச் சொல்லப்பட்டு வருகிறது. தாழ்ந்த வேகங்களில் அது உண்மையே எனினும், படகின் எடை, எஞ்சினின் திறன், ஓட்டும் வேகம் ஆகிய மூன்றையும் பொருத்திப் பார்த்து வாங்கும் குடும்பத்துக்கு அச்செலவு தாங்கக்கூடியதே.

வரலாறு

நீரைத் தாரையாகப் பீய்ச்சிக் கலத்தைச் செலுத்தும் எண்ணம் பழமையானது. 1661ஆம் ஆண்டிலேயே தாமஸ் டூகுட், ஜேம்ஸ் ஹேய்ஸ் என்னும் இருவர் இங்கிலாந்தில் இம்முறைக்குக் காப்புரிமை பெற்றனர். ஆனால் பம்பை இயக்கத்தக்க வலிய எஞ்சின் அக்காலத்தில் இல்லை. நீராவி எஞ்சின் வந்த பிறகு, அமெரிக்கரான ஜேம்ஸ் ரம்சி, 1787 டிசம்பர் 3ஆம் நாள், ஷெப்பர்ட்ஸ்டவுன் நகரருகே பொட்டோமாக் ஆற்றில், நீராவிப் பம்பினால் நீரைப் பின்னோக்கித் தள்ளும் படகொன்றைப் பொதுமக்கள் முன்னிலையில் ஓட்டிக் காட்டினார். பிரித்தானியக் கடற்படை 1866இல் வாட்டர்விட்ச் என்னும் தாரைப் போர்க்கலத்தை வெள்ளோட்டம் விட்டு, அதனை ஒத்த விசிறிக் கலங்களுடன் ஒப்பிட்டுச் சோதித்தது. அது 9 நாட் அளவான வேகத்தை எட்டியபோதிலும் விசிறியைவிடச் சிறந்த பயன் தாராமையால் அம்முயற்சி தொடரப்படவில்லை. இத்தாலியப் பொறியாளர் செக்கொண்டோ கம்பினி 1932இல் வெனிஸ் நகரில் தாரைப் படகொன்றை இயக்கிக் காட்டினார்.

இம்முயற்சிகள் அனைத்தும் காட்சியளவில் நின்றுபோக, தாரைப் படகை மக்கள் வாங்கிப் பயன்படுத்தும் பொருளாக்கிய பெருமை நியூசிலாந்தின் வில்லியம் ஹாமில்டனையே (1899-1978) சாரும். அவர் தென்தீவின் மெக்கென்சி நாட்டுப்புறத்தில் ஐரிஷ்மன் கிரீக் என்னும் ஆட்டுப்பண்ணையை 1921இல் வாங்கி, அங்கேயே பட்டறை அமைத்து மண்வெட்டும் எந்திரங்களைச் செய்துவந்தவர். அப்பகுதியின் ஆறுகள் பனிமலைகளிலிருந்து இறங்கி, கூழாங்கல் படுகையில் பல கால்களாகப் பிரிந்தும் கூடியும் விரைந்தோடுபவை. பல இடங்களில் கணுக்காலளவே நீர் இருப்பதால், விசிறிப் படகு சிறிது தொலைவு செல்வதற்குள் விசிறி கல்லில் மோதி உடைந்துவிடும். இத்தகைய ஆறுகளில் எதிர்நீச்சலாக மேலேறும் படகு வேண்டும் என்ற விருப்பத்தால், ஹான்லி ஹைட்ரோ ஜெட் என்னும் அமெரிக்கக் கருவியை முன்மாதிரியாகக் கொண்டு, 1950களின் முற்பகுதியில் அவர் தம் ஆய்வைத் தொடங்கினார்.

அவருடைய முதற்படகு ஒட்டுப்பலகையாலானது, ஏறக்குறைய 3.7 மீட்டர் நீளமுடையது. சிறிய ஃபோர்டு கார் எஞ்சினால் இயங்கியது. தொடக்கத்தில் குழல்முனை படகின் அடியில், நீருக்குள் இருந்தபடியால் வேகம் மணிக்கு ஏறத்தாழ 17 கி.மீ. என்ற அளவைத் தாண்டவில்லை. பட்டறைத் தொழிலாளர் ஒருவரின் யோசனைப்படி, குழல்முனையைப் படகின் பின்பலகைக்குக் கொண்டுவந்து நீர்மட்டத்துக்குச் சற்று மேலே பீய்ச்சுமாறு மாற்றியவுடன் வேகம் ஏறத்தாழ 27 கி.மீ. ஆயிற்று, அடிப்பகுதியில் எதுவும் நீட்டிக்கொண்டிராமையால் தடையும் ஒழிந்தது. இன்றுள்ள தாரைப் படகுகள் பெரும்பாலும் இவ்வமைப்பையே பின்பற்றுகின்றன. தாரை உந்துகையைத் தாம் கண்டுபிடித்ததாக ஹாமில்டன் உரிமை கொண்டாடவில்லை. அப்பெருமை ஆர்க்கிமிடீசுக்கு உரியது என்பதே அவர் கூற்று. 1974இல் அவருக்கு ‘சர்’ பட்டம் அளிக்கப்பட்டது.

ஹாமில்டனிடம் உரிமம் பெற்று, அமெரிக்காவின் இண்டியானாபோலிஸ் நகரிலிருந்த பியூலர் நிறுவனம் டர்போகிராஃப்ட் என்ற பெயரில் படகுகளைத் தயாரித்தது. அவ்வகைப் படகுகளைக் கொண்டே 1960இல் கொலராடோ ஆற்றின் கிராண்ட் கேன்யன் பெரும்பள்ளத்தாக்கு நீரோட்டத்துக்கு எதிராக முதன்முறை கடக்கப்பட்டது; அப்பயணத்தில் ஹாமில்டனின் மகன் ஜான் முதன்மையான ஓட்டுநராக இருந்தார். எவரெஸ்ட் ஏறிய எட்மண்ட் ஹிலாரி 1977இல் மூன்று தாரைப் படகுகளுடன் வங்கக் கடலோரக் கங்காசாகரிலிருந்து புறப்பட்டு, காசியைக் கடந்து, இமயத்தின் அடிவாரம் வழியாக நந்தப்பிரயாகை வரை கங்கையிலும் அதன் துணையாற்றிலும் மேலேறி, அங்குள்ள அருவி தடுத்தமையால் எஞ்சிய வழியைக் கால்நடையாகத் தொடர்ந்தார். இந்திய நாளேடுகளில் தாரைப் படகு பெரிதாகப் பேசப்பட்டது இப்பயணத்தினால்தான்.

1970களில் அமெரிக்காவில் பெரிய எட்டு உருளை எஞ்சின்களைப் பெர்க்லி நிறுவனப் பம்புகளுடன் இணைத்த படகுகள் பரவின. வேகமும் இரைச்சலும் மிக்க இவையே, தாரைப் படகு என்றால் பெட்ரோலை விழுங்குவது என்ற பெயரை அவ்வகை முழுவதற்கும் வாங்கித் தந்தன. மறுபுறம், காவாசாகி நிறுவனம் 1973இல் விற்பனைக்குக் கொண்டுவந்த ஜெட் ஸ்கி என்னும் நீர் ஸ்கூட்டர், சிறிய எஞ்சினும் சிறிய பம்பும் போதும் என்பதை மெய்ப்பித்தது. 1990களில் சீ-டூ, யமஹா ஆகியவை நீர் ஸ்கூட்டரின் எஞ்சினையும் பம்பையும் அப்படியே சிறு படகுகளில் பொருத்தின. அக்காலத்து இருவீச்சு எஞ்சின்கள் புகையும் செலவும் மிக்கவை. 2000க்குப் பின் நால்வீச்சு எஞ்சின்கள் வந்தே இக்குறையைப் பெருமளவு போக்கின.

அமைப்பும் இயக்கமும்

தாரை அலகில் ஐந்து உறுப்புகள் முதன்மையானவை. கல்லும் குப்பையும் புகாதவாறு தடுக்கும் கம்பித்தட்டி பொருத்திய உறிஞ்சுவாய், எஞ்சின் சுழற்றும் இதழ்களையுடைய இம்பெல்லர், அது முறுக்கிவிட்ட நீரை நேராக்கும் அசையா இதழ்கள், நீரை நெருக்கி வேகமூட்டும் குழல்முனை, தாரையை முன்னோக்கித் திருப்பிப் பின்செலவு தரும் கவிகலம் ஆகியவையே அவை. குழல்முனையை இடமும் வலமும் திருப்புவதால் படகு திரும்பும். எனவே எஞ்சினை முடுக்காமல் விட்டுவிட்டால் படகு சொல் கேளாது. புதிதாக ஓட்டுவோர் முதலில் அறிய வேண்டியது இதுவே.

உந்துவிசை, ஒரு நொடியில் வெளியேறும் நீரின் நிறையை, தாரையின் வேகத்துக்கும் படகின் வேகத்துக்கும் உள்ள வேறுபாட்டால் பெருக்கக் கிடைக்கும். இவ்வேறுபாடு பெருகப் பெருக ஆற்றல் வீணாகும். தாரை படகைப்போல் இரு மடங்கு வேகமுடையதாயின் கொள்கையளவில் உந்துதிறன் ஏறத்தாழ 67 விழுக்காடு. நான்கு மடங்காயின் 40 விழுக்காடே. மெதுவாகச் செல்லும் தாரைப் படகு எரிபொருளை வீணாக்குவதும், வேகம் கூடும்போது விசிறிப் படகுக்கு நெருங்கிவருவதும் இதனாலேயே ஆகும்.

இம்பெல்லர் இதழின் நுனிக்கும் அதனைச் சூழ்ந்த தேய்மான வளையத்துக்கும் இடையே ஒரு மில்லிமீட்டருக்கும் குறைந்த இடைவெளியே இருத்தல் வேண்டும். மணலும் சரளையும் உள்ளே சென்று இவ்வளையத்தை அராவிவிட்டால் நீர் பின்னோக்கிக் கசிந்து, எஞ்சின் சுழற்சி ஏறியும் படகு வேகம் ஏறாத நிலை உண்டாகும்.

வகைகள்

பம்பில் நீர் செல்லும் திசையைக் கொண்டு மையவிலக்குப் பாய்ச்சல், அச்சுவழிப் பாய்ச்சல், கலப்புப் பாய்ச்சல் என மூவகை கூறப்படும். முதல்வகை மிகுந்த அழுத்தமும் குறைந்த நீரளவும் உடையது. இரண்டாம் வகை இதற்கு மாறானது. மூன்றாவது இவ்விரண்டுக்கும் இடைப்பட்டது.

எஞ்சின் அமைப்பால் இவற்றை மேலும் மூன்றாகப் பகுக்கலாம். அவற்றுள் முதலாவது, கார் எஞ்சினை மாற்றியமைத்த பெரிய உள்பொறிப் படகு. ஆற்றுப் பயணத்துக்குரிய அலுமினியப் படகுகள் பல இவ்வகையின. இரண்டாவது, நீர் ஸ்கூட்டரின் எஞ்சினைக் கொண்ட கண்ணாடியிழைப் படகு. குடும்பத்தினர் வாங்குபவை பெரும்பாலும் இவையே. மூன்றாவது, வெளிப்பொறியின் விசிறியைக் கழற்றி அவ்விடத்தில் தாரை அலகைப் பொருத்திய படகு. இதில் எஞ்சின் திறனில் ஏறத்தாழ 30 விழுக்காடு குறைந்துபோவதால், ஆழமில்லா ஆற்றில் மீன்பிடிப்போருக்கு அன்றி மற்றவர்க்கு இது ஏற்றதன்று.

அடிவடிவத்தாலும் இவை வேறுபடும். ஆழ்ந்த ‘வி’ வடிவ அடி அலைகளைப் பிளந்து மென்மையாகச் செல்லும். ஆயின் நீர்மேல் எழ மிகுதியான திறன் கேட்கும். தட்டையான அடி எளிதில் எழும், எரிபொருளும் குறையும். ஆயின் அலையில் குலுக்கும். மிதவைகள்மீது தளம் அமைத்த வகை, இடவசதியாலும் நிலைப்பாட்டாலும் அண்மைக் காலத்தில் விருப்பம் பெற்றுள்ளது.

குடும்ப உலாவுக்கான தேர்வு

விலை, எரிபொருள், பராமரிப்பு ஆகிய மூன்றும் பெரும்பாலும் எஞ்சின்களின் எண்ணிக்கையைப் பொறுத்தவை. ஒற்றை எஞ்சின் கொண்ட ஏறத்தாழ 5.8 மீட்டர் நீளப் படகு எட்டுப் பேரை ஏற்றவல்லது. யமஹாவின் 190 வரிசை இதற்கு எடுத்துக்காட்டு. இரட்டை எஞ்சின் படகில் எண்ணெய் மாற்றம், தேய்மான வளையம், இம்பெல்லர் எல்லாம் இரு மடங்காகும். ஓர் எஞ்சின் பழுதானாலும் மற்றொன்றால் கரைசேரலாம் என்பதும் பளுவுடன் சறுக்கு விளையாட்டுக்கு இழுக்கலாம் என்பதும் அதன் நன்மைகள். சிறு ஏரிகளில் உலாவும் குடும்பத்துக்கு இவை இன்றியமையாதன அல்ல. சீ-டூ நிறுவனம் 2012இல் கைவிட்ட படகுத் தொழிலுக்கு 2021இல் ஸ்விட்ச் என்னும் மிதவை வகையுடன் மீண்டது. அவ்வரிசையின் மிகச் சிறிய படகு, டிரெய்லருடன் சேர்த்து 18,000 டாலருக்குச் சற்றுக் குறைந்த விலையில் அமெரிக்காவில் அறிமுகமாயிற்று.

எரிபொருள் செலவைக் கணிக்க எளிய வாய்பாடு ஒன்றுண்டு. பெட்ரோல் எஞ்சின் முழுத்திறனில் ஓடும்போது ஒரு குதிரைத்திறனுக்கு மணிக்கு ஏறத்தாழ 0.3 லிட்டர் செலவாகும். ஆகவே 100 குதிரைத்திறன் எஞ்சின் 30 லிட்டரும், 170 குதிரைத்திறன் எஞ்சின் 51 லிட்டரும், தலா 180 குதிரைத்திறன் கொண்ட இரட்டை எஞ்சின்கள் 108 லிட்டரும் கொள்ளும். உலாப் பயணத்தில் பெரும்பொழுது நங்கூரமிட்டு நிற்பதிலும் பாதித்திறனில் ஓடுவதிலும் கழிவதால், ஒரு நாள் செலவு இக்கணக்கைவிட மிகக் குறையும். செல்வதற்கு மூன்றில் ஒரு பங்கு, திரும்புவதற்கு ஒரு பங்கு, இடர்க்காலத்துக்கு ஒரு பங்கு எனத் தொட்டியைப் பகுத்துக்கொள்வது படகோட்டிகளின் மரபு.

படகு நீரைக் கிழித்துச் செல்லும் நிலையிலிருந்து நீர்மேல் எழுந்து வழுக்கிச் செல்லும் நிலைக்கு மாறும் தறுவாயில், அணியம் (முன்பகுதி) உயர்ந்து பின்பகுதி அமிழ்ந்திருக்கும். எரிபொருள் மிகுதியாக வீணாவது அப்போதே. அந்நிலையில் நீடிக்காமல் விரைந்து எழுந்து, எழுந்தபின் முடுக்கத்தைத் தணித்து, படகு அமிழாமல் நிற்கும் மிகக் குறைந்த வேகத்தில் ஓட்டுவதே சிக்கனம். வாங்குவதற்குமுன், வழக்கமாக ஏறக்கூடிய ஆட்களை ஏற்றி இவ்வேகத்தைச் சோதித்துப் பார்த்தல் வேண்டும். ஓட்டுநர் ஒருவர் மட்டும் ஏறிய சோதனை ஓட்டம் எதனையும் மெய்ப்பிக்காது.

சூப்பர்சார்ஜர் பொருத்திய எஞ்சின்கள் வேகத்துக்குரியவை. அவற்றுக்கு உயர் ஆக்டேன் பெட்ரோலும் கூடுதல் பராமரிப்பும் தேவை. காற்றை இயல்பாக உறிஞ்சும் எஞ்சின் சாதாரண பெட்ரோலில் ஓடும் என்பதால் குடும்பத்துக்கு அதுவே தகும். கடல்நீரிலும் கழிமுகத்திலும் ஓட்டுவோர், எஞ்சினுக்குள் உப்புநீர் சுற்றாத மூடிய குளிர்விப்பு முறையைத் தேர்வது நலம்.

பழைய படகை வாங்குவோர் ஓடிய மணிநேரத்தைக் காட்டும் மானி, உருளைகளின் அழுத்தம், இம்பெல்லர் இதழ்களின் விளிம்பு, தேய்மான வளையத்தின் இடைவெளி ஆகியவற்றைப் பார்த்தல் வேண்டும். உப்புநீரில் ஓடிய படகை நன்னீரால் கழுவும்போது எஞ்சினை முதலில் இயக்கிப் பின் குழாயைத் திறப்பதும், குழாயை முதலில் மூடிப் பின் எஞ்சினை நிறுத்துவதும் முறை. இம்முறை தவறினால் எஞ்சினுக்குள் நீர் புகும்.

பாதுகாப்பு

வெளிவிசிறி இல்லாமையால் வெட்டுக்காயம் நேராது. ஆயினும் உறிஞ்சுவாய் கூந்தலையும் துணியையும் கயிற்றையும் இழுக்கும், தாரையும் பின்னே விழுவோரை ஊறுபடுத்தும். எனவே யாரேனும் நீரில் இருக்கையில் எஞ்சினை நிறுத்தியே வைத்தல் வேண்டும். பின்தட்டில் தேங்கும் கார்பன் மோனாக்சைடு நச்சுவளியைத் தவிர்க்கவும் இதுவே வழி. ஓடும்போது சாணளவு நீர் போதுமாயினும், நின்ற இடத்தில் கிளப்பும்போது ஏறக்குறைய 90 செ.மீ. ஆழம் இருந்தால்தான் மணலும் களையும் உள்ளே ஏறா. எஞ்சின் அறையில் தேங்கிய பெட்ரோல் ஆவியை வெளியேற்ற, கிளப்புமுன் நான்கு நிமிடமாவது காற்றோட்டி விசிறியை ஓட்டுதல் வேண்டும். அமெரிக்காவில் 2021 ஏப்ரல் 1 முதல், 26 அடிக்குக் குறைந்த எந்திரப் படகுகளை ஓட்டுவோர் எஞ்சினை நிறுத்தும் கொக்கிக் கயிற்றை அணிவது கூட்டாட்சிச் சட்டத்தால் கட்டாயமாக்கப்பட்டுள்ளது.

இந்தியாவில் இவ்வகைப் படகுகள் பெரிதும் சுற்றுலா நிறுவனங்களிடமே உள்ளன. உள்நாட்டு நீர்நிலைகளில் ஓடும் எந்திரக் கலங்களின் பதிவையும் ஆய்வையும் 2021ஆம் ஆண்டின் உள்நாட்டுக் கலங்கள் சட்டம் நெறிப்படுத்துகிறது. இங்குள்ள பெட்ரோலில் 20 விழுக்காடு எத்தனால் கலக்கப்படுவதால், 10 விழுக்காட்டுக்கு மேற்படாத கலவைக்கென அமைந்த படகு எஞ்சின்களைக் கையாள்வதில் கவனம் தேவை.

சுருங்கக் கூறின், ஒற்றை நால்வீச்சு எஞ்சின், எடை குறைந்த உடல், சூப்பர்சார்ஜர் இல்லாமை ஆகிய மூன்றும் அமைந்த படகே குடும்ப உலாவுக்குரிய சிக்கனமான தாரைப் படகாகும்.