நாக்கோரத்து வெள்ளைத் திட்டு

1981 ஜூன் 5 அன்று அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையத்தின் வார அறிக்கையில் லாஸ் ஏஞ்சலிஸின் ஐந்து இளைஞர்களைப் பற்றி ஒரு குறிப்பு வெளியானது. ஐவரையும் அரிய வகை நிமோனியா தாக்கியிருந்தது. கூடவே சளிச்சவ்வில் கேண்டிடா பூஞ்சை. எய்ட்ஸ் என்ற பெயரே அப்போது பிறக்கவில்லை.

தயிர்த் திப்பிபோல வாயில் படியும் அந்தப் பூஞ்சை கைக்குழந்தைகளுக்கு வருவதுண்டு. திடகாத்திரமான வாலிபர்களுக்கு ஏன் வரவேண்டும்? எய்ட்ஸை உண்டாக்கும் எச்ஐவி கிருமி பிடிபட்டது 1983இல். ரத்தப் பரிசோதனை வந்தது 1985இல். அதுவரை நோயாளியின் வாய்க்குள் தெரிந்த அடையாளங்கள் மருத்துவர்களுக்குப் பெரிய துணை.

சான் பிரான்சிஸ்கோவில் பல் மருத்துவத் துறையைச் சேர்ந்த டெபோரா கிரீன்ஸ்பன், ஜான் கிரீன்ஸ்பன் தம்பதியர் நோயாளிகளின் நாக்கோரங்களில் சுரண்டினாலும் போகாத, வரிவரியான வெள்ளைத் திட்டுகளைக் கவனித்தார்கள். 1984இல் லான்செட் இதழில் அவற்றை விவரித்தார்கள். எப்ஸ்டீன்-பார் வைரஸுக்கும் அவற்றுக்கும் உள்ள தொடர்பும் பின்னர் தெளிவானது. எய்ட்ஸ் வரலாற்றில் பல் மருத்துவத்தின் இந்தப் பங்கு இன்னும் உரக்கப் பேசப்பட வேண்டும்.

அண்ணத்தில் ஊதா நிறத்தில் தோன்றும் கபோசி புற்றும் அப்படி ஓர் அறிகுறியே.

1996க்குப் பின் கூட்டு மருந்துச் சிகிச்சை பரவிய இடங்களில் இவை வெகுவாகக் குறைந்தன. ஆனாலும் காரணமின்றி வாயில் வெண்படலம் திரும்பத் திரும்ப வந்தால் தயங்காமல் மருத்துவரிடம் காட்டுங்கள். எச்ஐவி பரிசோதனை நம் அரசு மருத்துவமனைகளில் இலவசம்.