317ஆம் எண் தகரம்



நினைவுச் சொற்பொழிவு என்றால் பெரிய தலைப்பாக எடுப்பதுதான் வழக்கம். நாங்கள் இன்று உள்ளங்கையில் அடங்கிவிடும் ஒரு வட்டத் தகட்டைப் பற்றிப் பேச வந்திருக்கிறோம்.

சென்ற ஆண்டு மழைக்காலத்தில் கோத்தகிரியில் ஒரு கூட்டம் முடிந்து பேருந்துக்குக் காத்திருந்தோம். மழைக்கு ஒதுங்கிய இடம் ஒரு பழைய சாமான் கடை. குத்துவிளக்கு, ஊசியில்லாத கிராமபோன், துரைமார் விட்டுப்போன பீங்கான் தட்டுகள். கண்ணாடிப் பெட்டிக்குள் செல்லாத காசுகளோடு இந்தத் தகடும் கிடந்தது. மேலே ஒரு துளை. அதன்கீழே ஓர் ஆங்கில எழுத்து, ஓர் எண், அதற்கும் கீழே 317. “சிலோன் டோக்கன் சார், காபி எஸ்டேட் காசு” என்றார் கடைக்காரர். 1,500 கேட்டார், 900க்குக் கொடுத்தார். இதைவிடக் குறைத்திருக்கலாம் என்று வழியெல்லாம் பேசிக்கொண்டு வந்தோம். அந்தப் பேச்சை இப்போது நினைத்தால் கூச்சமாக இருக்கிறது.

கடைக்காரர் பொய் சொல்லவில்லை. இலங்கையில் காப்பித் தோட்டங்களும் ஆலைகளும் கூலிக்கு ஈடாக டோக்கன் கொடுத்தது உண்மை. நாணயம் சேகரிப்பவர்களிடம் அவற்றுக்கு நல்ல விலை உண்டு. நாங்களும் அதை நம்பி, அடுத்த கூட்டத்தில் ‘கூலிக்காசு’ என்று காட்டினோம். தாயகம் திரும்பிய குடும்பத்தைச் சேர்ந்த ஒரு மூதாட்டி அதை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “இது காசு இல்ல புள்ளைகளா. எங்க அப்பாயி கழுத்துல கெடந்த தகரம் மாதிரி இருக்கு” என்றார். எங்கள் ஆராய்ச்சி அந்த இடத்தில்தான் தொடங்கியது.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இலங்கைக்கு ஆள் பிடிக்கும் வேலை ஒரு ஒழுங்குக்குள் கொண்டுவரப்பட்டது. 1904இல் தோட்ட முதலாளிகளின் தொழிலாளர் ஆணையம் திருச்சிராப்பள்ளியில் அலுவலகம் திறந்தது. சேலம், திருச்சி, தஞ்சாவூர், மதுரை, புதுக்கோட்டை, ஆற்காட்டுப் பகுதிகளிலிருந்து கங்காணி கூட்டிவந்த ஆட்கள் முதலில் தூத்துக்குடி அருகே தட்டப்பாறை முகாமில் இறங்கினார்கள். 1914இல் தனுஷ்கோடி–தலைமன்னார் கப்பல் ஓடத் தொடங்கிய பிறகு மண்டபம் முகாம் வந்தது. ஆளுக்கொரு தகரத் தகடு. எழுத்து, தோட்டம் இருக்கும் மாவட்டத்தைக் குறிக்கும். அடுத்த எண் தோட்டத்தைக் குறிக்கும். கடைசி எண் தகட்டின் வரிசை எண். கயிற்றில் கோத்துக் கழுத்திலோ மணிக்கட்டிலோ கட்டினார்கள்.

ஏன் இந்த ஏற்பாடு? வழிச்செலவு, சாப்பாட்டுச் செலவு எல்லாவற்றையும் அரசு முதலில் கொடுத்துவிடும். பிறகு தகட்டில் உள்ள எழுத்தையும் எண்ணையும் பார்த்து அந்தத் தோட்டத்திடம் வசூலிக்கும். தோட்டம் அதைக் கங்காணி கணக்கில் எழுதும். கங்காணி அதை ஆள்கள் தலையில் எழுதுவார். ரயில் பார்சலில் கட்டும் சீட்டும் இந்த வேலையைத்தான் செய்கிறது. வந்தவர் யார் என்று தகடு சொல்லவில்லை, பணம் யாரிடம் வாங்குவது என்றுதான் சொல்லியது. ஒருவர் வேலையில் இறங்கும் முன்பே அவர் பெயரில் கடன் ஏறியிருந்தது.

கடனைச் சுமந்த இன்னொரு தாள் துண்டு. இவ்வளவு கடனைக் கட்டினால் இந்தக் கும்பலை விடுவிப்பேன் என்று ஒரு துரை எழுதிக்கொடுப்பார். இன்னொரு தோட்டம் அந்தத் தொகையைக் கட்டிக் கும்பலை எடுத்துக்கொள்ளும். துண்டு இல்லாமல் வேறு தோட்டத்தில் வேலை கிடையாது. நம் ஊர்ச் சொல் அப்படியே ஆங்கிலேயரின் கோப்புகளுக்குள் போய் உட்கார்ந்துகொண்டது. 1921இல்தான் சட்டம் அதை ஒழித்தது.

தகட்டில் சாதி இல்லை. அதைக் கண்டு நாங்கள் முதலில் வியந்தோம், பிறகு எங்கள் வியப்பைப் பார்த்தே சிரித்துக்கொண்டோம். சாதியைத் தகரத்தில் எழுதவேண்டிய தேவையே அங்கே இருக்கவில்லை, கங்காணி இருந்தார். போனவர்களில் பெரும்பகுதியினர் பறையர், பள்ளர், சக்கிலியர். பெரிய கங்காணிகள் பெரும்பாலும் அவர்களின் ஊர்ப்பக்கத்து மேல்சாதியினர். சில்லறைக் கங்காணிகள் அந்தந்தச் சாதியிலிருந்தே வந்தார்கள். பெரட்டில் வந்து நிற்கும் ஒவ்வொரு தலைக்கும் கங்காணிக்குத் தலைக்காசு. லயம் பிரித்ததிலும் சாதி இருந்தது. ஊரும் சேரியும் கடல் தாண்டிப் போய் மலைமேல் ஏறிக்கொண்டன. தோட்டத்தில் ஒருநாள் வேலைக்குப் ‘பேர்’ என்று பெயர். வேலை குறைந்தால் அரைப்பேர். எண்ணாக வந்தவர்களுக்கு அங்கே கூலியாகக் கிடைத்தது பேர்!

அந்தக் கூட்டத்தில் எங்கள் மாணவர் ஒருவர் இதை ‘அடிமைத் தகடு’ என்றார். கைதட்டல் கிடைத்தது. நாங்களும் தட்டினோம். ஆனால் அந்தச் சொல் முழுக்கப் பொருந்துமா என்று பிறகு எங்களுக்குள் வாக்குவாதம். 317 எதிலிருந்து கிளம்பினார் என்பதையும் பார்க்க வேண்டும். படியாளாக மிராசுதாரின் களத்தில் நெல் வாங்கிக்கொண்டிருந்தவர், கையில் காசு தரும் வேலைக்குப் போனார். பெண்களும் தம் பெயரில் கூலி பெற்றார்கள். தப்பியோடியதும் சிக்கிக்கொண்டதும் ஒரே பயணத்தில் நடந்தன. ‘ஏமாற்றி இழுத்துச் செல்லப்பட்டவர்கள்’ என்று மட்டும் எழுதினால், அவர்கள் எடுத்த முடிவை நாமும் பறித்துக்கொள்கிறோம். இந்த இடத்தில் எங்களுக்குள் இன்னும் முழு உடன்பாடு இல்லை.

1948இல் சுதந்திர இலங்கையின் குடியுரிமைச் சட்டம் வந்தது. அப்பன், பாட்டன் எங்கே பிறந்தார்கள் என்று காட்டச் சொன்னது. அடுத்த ஆண்டு இந்திய, பாகிஸ்தானியருக்கென்று வந்த சட்டம், தொடர்ந்து இலங்கையில் வாழ்ந்ததற்குச் சான்று கேட்டது. சுமார் 8 லட்சம் பேருக்காக விண்ணப்பம் போட்டார்கள். கிடைத்தது ஏறத்தாழ 1,34,000 பேருக்கு. ஒவ்வொரு தலைக்கும் எண் குத்தி, ஒவ்வொரு சாப்பாட்டுக்கும் கணக்கு எழுதி இறக்கிய நாட்டில், நீங்கள் இங்கேதான் இருந்தீர்கள் என்பதற்கு என்ன அத்தாட்சி என்று கேட்டார்கள். 1964 அக்டோபரில் சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தம் 9,75,000 பேரைப் பங்கு பிரித்தது. இந்தியாவுக்கு 5,25,000, இலங்கைக்கு 3,00,000. மிச்சமிருந்த 1,50,000 பேர் கணக்கை 1974இல் இரு நாடுகளும் பாதி பாதியாக முடித்துக்கொண்டன. அவர்களை யாரும் கேட்கவில்லை. மண்டபம் முகாம் இப்போது எதிர்த்திசையில் வேலை செய்தது. நீலகிரியில் அவர்களுக்காகவே அரசு தேயிலைத் தோட்டம் போட்டது.

எங்கள் தகடு கோத்தகிரிக்கு வந்த வழி அதுவாக இருக்கலாம்.

இதைப் பழங்கதையாக விட்டுவிட முடியாது. அந்த மூதாட்டியின் பேத்திக்குக் கல்லூரிச் சேர்க்கைக்குச் சாதிச் சான்றிதழ் தேவைப்பட்டது. நாங்களும் கூடப் போனோம். அலுவலகத்தில் கேட்ட முதல் கேள்வி, “பூர்வீக ஊர் எது? அதற்கு ஆதாரம்?” குடும்ப அட்டையைக் காட்டினார்கள். அதில் சாதி இல்லை. லயத்தில் தனியாக வைக்கவும், தண்ணீர்க் குழாயில் ஒதுக்கவும் ஆதாரம் யாரும் கேட்டதில்லை. சலுகைக்கு வந்ததும் சாதி நிரூபிக்க முடியாத பொருளாகிவிட்டது. மூன்று முறை அலைந்த பிறகும் விண்ணப்பம் நிலுவையில்தான் இருக்கிறது.

317ஐ ஒரு பெயரோடு பொருத்தும் வழி எங்களுக்குக் கிடைக்கவில்லை. ஆனால் மாணவர்கள் செய்யக்கூடிய ஒன்று உண்டு. திரும்பி வந்த குடும்பங்களின் டிரங்குப் பெட்டிகளில் துண்டு, பாஸ்போர்ட், பழைய கடிதம் என்று எதுவும் இருக்கும். ஊர் பெயர் அதில்தான் கிடைக்கும். பழைய சாமான் கடைக்காரர் எடைக்குக் கேட்கும் முன் போய்ப் படமெடுத்து வையுங்கள், பொருளை அவர்களிடமே விடுங்கள்.

அந்த மூதாட்டியிடம் தகடு வேண்டுமா என்று கேட்டோம். விலையைக் கேட்டார், சொன்னோம். “ஒம்பது நூறா?” என்று கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். “அப்பாயி அதை அரிசிப் பானைக்குள்ள போட்டு வச்சிருந்துச்சு. கப்பல் ஏறுற அவசரத்துல பானையை அடுத்த லயத்துக்காரிக்குக் குடுத்துட்டு வந்துட்டோம்.”