தசைத் திசு: மூன்று வகைகள் அறியப்பட்ட வரலாறு

தசைத் திசு என்பது சுருங்கி விரியும் ஆற்றல் கொண்ட உயிரணுக்களால் ஆன திசுவாகும். மனித உடலில் எலும்புத் தசை, மென்தசை, இதயத்தசை என இது மூவகைப்படும். இப்பகுப்பு எளிதாகத் தோன்றினாலும் இதனை அடைய ஐரோப்பிய மருத்துவத்துக்குப் பல நூற்றாண்டுகள் பிடித்தன. தமிழில் இவ்வறிவு நூலாக வந்த கதை யாழ்ப்பாணத்து மானிப்பாயோடு தொடர்புடையது.

சித்த மருத்துவம் உடலை ஏழு கட்டுகளாகப் பிரிக்கிறது. அவற்றுள் ஊன் ஒன்று. ஊனுக்குள் வகை பிரிக்க நுண்ணோக்கி தேவைப்பட்டது. குற்றால அருவிக்கரையில் எண்ணெய் தேய்த்து உருவிவிடுபவரின் கைக்கு அகப்படுவது எலும்புத் தசை மட்டுமே. குடலையும் குருதிக்குழாயையும் சூழ்ந்த மென்தசை அவர் கைக்கு எட்டாது, இதயத்தசையும் அப்படியே.

எல்லாவற்றிலும் சிக்கலாக இருந்தது இதயம்தான். நம் விருப்பத்துக்கு அடங்காமல் துடிக்கும் அதனைத் தசை என்று கொள்ள 2ஆம் நூற்றாண்டின் கிரேக்க மருத்துவர் கேலன் மறுத்தார். அவர் சொல்லே நெடுங்காலம் நின்றது. இதயமும் தசையே என்று 1664இல் டென்மார்க்கின் நீல்ஸ் ஸ்டென்சன் எழுதினார். 1682இல் லீவன்ஹூக் தம் நுண்ணோக்கியில் தசை இழைகளின் குறுக்கு வரிகளைக் கண்டார். உடலின் 21 திசுக்களை வகுத்த பிரெஞ்சு மருத்துவர் பிஷா, விருப்பப்படி இயங்கும் தசை, தானே இயங்கும் தசை என 1801இல் இரண்டாகவே பிரித்தார். வியப்பு என்னவென்றால் அவர் நுண்ணோக்கியை நம்பவில்லை. இதயம் அவரது இரண்டாம் பிரிவில் சேர்ந்தது. ஆனால் அதன் இழைகளிலோ கை கால் தசையில் உள்ளவை போன்ற வரிகள் இருந்தன. தனி வகை என்று கொள்வதைத் தவிர வேறு வழியில்லை.

எலும்புத் தசையின் நுண்ணமைப்பை 1840இல் வில்லியம் போமன் விரிவாக விளக்கினார்: நீண்ட உருளை இழைகள், ஒவ்வொன்றிலும் பல உட்கருக்கள். மென்தசை, ஒற்றை உட்கருவுடைய கதிர்வடிவ உயிரணுக்களால் ஆனது என்று 1847இல் கோலிக்கர் காட்டினார்.

அதே 1847இல்தான் அமெரிக்க மிஷன் மருத்துவரான சாமுவேல் பிஸ்க் கிறீன் (1822–1884) யாழ்ப்பாணம் வந்து சேர்ந்தார். மறு ஆண்டே மாணவர்க்கு மருத்துவம் கற்பிக்கத் தொடங்கினார். முதலில் ஆங்கிலத்தில் நடந்த வகுப்பை 1864 முதல் தமிழில் நடத்தினார். ஆங்கிலம் படித்தவர்கள் அரசு வேலை தேடி ஊரைவிட்டுப் போய்விடுவார்கள், தமிழில் படித்தவர்களே கிராமத்தில் தங்குவார்கள் என்பது அவர் எண்ணம். அறுபதுக்கும் மேற்பட்டோர் அவரிடம் பயின்றனர்.

பாடம் சொல்ல நூல் வேண்டுமே! கிரே முதலியோரின் உடற்கூற்று நூல்களைத் தழுவிய 'மனுஷ அங்காதிபாதம்' 1872இல் வெளிவந்தது. 1873இல் நாடு திரும்பிய பின்னும் கிறீன் மொழிபெயர்ப்பை விடவில்லை. உடலியங்கியல் நூலான 'மனுஷ சுகரணம்' 1883இல் வந்தது. நூல்கள் நின்றன, தமிழ்வழி மருத்துவக் கல்வி நிற்கவில்லை. அங்காதிபாதம், சுகரணம் என்ற சொற்களும் வழக்கொழிந்தன.

பிறகு கலைச்சொற்கள் கடலின் இருகரையிலும் தனித்தனியே வளர்ந்தன. வீரகேரளம்புதூரில் பள்ளி மாணவர் 'திசு' என்று படிப்பதை யாழ்ப்பாண மாணவர் 'இழையம்' என்று படிக்கிறார். இங்கே எலும்புத் தசை, அங்கே வன்கூட்டுத் தசை. இங்கே மென்தசை, அங்கே மழமழப்பான தசை. பொருள் ஒன்றே என்பதை இணையத்தில் தேடும் மாணவர் அறிந்திருந்தால் பாதிக் குழப்பம் தீரும்.

கிறீன் காலத்து நூல் எதிலும் இருந்திருக்க முடியாத செய்தி ஒன்றுண்டு. ஆக்டின் இழைகள் மையோசின் இழைகளினூடே வழுக்கிச் செல்வதாலேயே தசை சுருங்குகிறது என்ற கொள்கை 1954இல்தான் வெளியானது. இதயத்தசை ஒரே வலைப்பின்னல் அன்று, இடைத்தட்டுகளால் இணைக்கப்பட்ட தனித்தனி உயிரணுக்களே என்பது மின்னணு நுண்ணோக்கியால் உறுதியானதும் அந்தப் பத்தாண்டில்தான்.