வணக்கமும் மறுப்பும்

அதியமானின் தூதராக ஔவையார் தொண்டைமானிடம் சென்ற செய்தியைப் புறநானூற்றின் 95ஆம் பாடல் வழி அறிகின்றோம். தன் படைக்கலக் கொட்டிலைக் காட்டிப் பெருமிதம் கொண்ட அவ்வேந்தனை அவர் இகழவில்லை. அவனுடைய படைக்கலங்கள் நெய் பூசப்பெற்று, மாலை சூடி, காவல் மனையில் பொலிவதைப் புகழ்ந்தார். அதியமானுடையவையோ நுனி முரிந்து கொல்லன் பட்டறையில் கிடக்கின்றன என்றார். அவ்வளவே. போர்க்களம் கண்டவன் யார் என்பது கேட்டவனுக்கு விளங்கியிருக்கும். தொண்டை நாட்டுக் கச்சியில் வாழும் நமக்குச் சற்றே நெருடும் பாடல்தான் இது! பாண்டியன் அறிவுடைநம்பிக்குப் பிசிராந்தையார் வரி கொள்ளும் முறையை எடுத்துரைத்த 184ஆம் பாடலும் இவ்வகையினதே. வேந்தனை மதிப்பதும் அவன் பிழையை அவன் முன்னிலையிலேயே உரைப்பதும் நம் புலவர்க்கு இருவேறு செயல்களாகத் தோன்றவில்லை.

இம்மரபில் பயின்றவர்கள் கிறித்தவ மறையைப் படிக்கையில் அங்கும் இவ்விரண்டினையும் காண்பர். ஆள்வோர்க்குப் பணிக எனப் பவுல் உரோமர்க்கு எழுதிய திருமுகம் கூறுகின்றது. அது நீரோ மன்னனின் ஆட்சிக்காலத்தில் எழுதப்பெற்றது என்பது நினைவிற்கொள்ளத்தக்கது. நல்லரசனைக் கண்டு மகிழ்ந்து எழுதியதன்று. தன்னைக் கொல்லத் தேடிய சவுல் மன்னன் குகையில் தனித்து அகப்பட்டபோது, தாவீது அவன் மேலாடையின் தொங்கலை மட்டும் அறுத்தான். அதற்கும் பின்னர் நெஞ்சம் வருந்தினான். அதே தாவீது மன்னனாகிப் பிறன்மனை கவர்ந்தபோது, நாத்தான் என்னும் இறைவாக்கினர் அவன் முன் சென்று அவன் குற்றத்தை அவனே ஒப்புமாறு செய்தார். மனிதரின் ஆணையினும் இறைவன் ஆணையே மேல் என்று பேதுரு தலைமைச் சங்கத்தின்முன் கூறியதும் அம்மறையில்தான் உள்ளது.

இவற்றுள் ஒன்றை மட்டும் பற்றிக்கொள்வோர்க்கும் இரண்டினையும் பற்றுவோர்க்கும் இடையே வழக்கு எழுவது இயல்பு. அத்தகைய வழக்கு 1930இல் எழுந்தது. உப்புச் சத்தியாக்கிரகம் நாடெங்கும் பரவிய அவ்வாண்டில், ஆங்கிலத் திருச்சபையின் இந்தியப் பேராயராகக் கல்கத்தாவில் இருந்தவர் பாஸ் வெஸ்ட்காட். சட்டமறுப்பு கிறிஸ்துவின் போதனைக்கு ஒவ்வாதது என்பது அவர் கருத்து. அவரை எதிர்த்து வாதிட்டவர் தஞ்சையில் 1892இல் பிறந்த ஒரு தமிழ்க் கிறித்தவர். செல்லத்துரை கொர்னேலியஸ் என்னும் பெயரை விடுத்துப் பாட்டனாரின் பெயரைச் சூடிக்கொண்ட ஜே. சி. குமரப்பாவே அவர். இலண்டனில் கணக்காயர் பயிற்சி பெற்று, நியூயார்க்கின் கொலம்பியப் பல்கலைக்கழகத்தில் பொருளியல் பயின்று, 1929 மே 9 அன்று சாபர்மதியில் காந்தியடிகளை முதன்முதல் சந்தித்தவர். குசராத்தின் மாத்தர் வட்டத்து ஊர்களில் உழவர்தம் வரவு செலவினை ஆராய்ந்தவராதலின், அரசின் வரி எளியோர்மேல் எவ்வாறு இறங்குகின்றது என்பதைக் கணக்காக அறிந்திருந்தார்.

தீய ஆணைக்குக் கீழ்ப்படியாமலிருத்தல் ஆள்வோரைப் பகைத்தலாகாது. மறுத்தவன் தண்டனையைப் பகையின்றி ஏற்றலே கிறிஸ்துவின் வழி என்பது குமரப்பாவின் நிலை. இது வெறும் ஏட்டு வாதமன்று. 1931இலும் பின்னரும் அவர் சிறை புகுந்தார். 1942இல் தளைப்பட்டபின் சபல்பூர்ச் சிறையில் இருந்தபோதுதான் ஏசுவின் வாழ்வும் போதனையும் பற்றிய நூலையும் நிலைத்த பொருளியல் பற்றிய நூலையும் எழுதினார். இரண்டிற்கும் காந்தியடிகள் முன்னுரை வழங்கினார்.

பேராயரின் கூற்றை முற்றிலும் புறந்தள்ளிவிடலாம் என்று யான் கருதவில்லை. ஒழுங்கு குலைந்தால் முதலில் நசுங்குவோர் எளியோரே என்னும் அச்சத்திற்குப் பொருள் உண்டு. ஆயினும் அயலரசின் ஒழுங்கினையே இறைவனின் ஒழுங்காகக் காண்பதில் எளிதாக வழுக்கி விழ இடமிருந்தது.

குமரப்பா ஆள்வோரிடம் மட்டுமா இவ்வாறு நடந்துகொண்டார்? 1934ஆம் ஆண்டுப் பீகார் நிலநடுக்கத்தின்போது துயர்நீக்கப் பணியின் கணக்கு அவர் பொறுப்பில் இருந்தது. தொண்டர் ஒருவர்க்கு நாளொன்றுக்கு மூன்று அணா என வரையறுத்தார். காந்தியடிகள் தம் குழுவினருடன் வந்தபோது, அக்குழுவின் செலவை நிதியிலிருந்து தரவியலாது என மறுத்துவிட்டார். தாம் தலைவராக ஏற்றவரிடமே இங்ஙனம் கூறினார். அடிகளும் அதனை வருத்தமின்றி ஏற்றார். தலைவனை மதித்தவர் ஏழையர்க்கு வந்த பணத்தை அதனினும் மதித்தார் என்று இதனைக் கொள்ளலாம்.

விடுதலைக்குப் பின் வந்த சோதனை வேறு வகையினது. ஆள்வோர் இப்போது சிறையில் உடனிருந்த நண்பர்கள். பேராலைகளை முன்னிறுத்திய நேருவின் திட்டங்களைக் குமரப்பா ஏற்கவில்லை. 1938இல் அமைந்த தேசியத் திட்டக் குழுவிலேயே இக்கருத்து வேறுபாட்டால் விலகியவர் அவர். தறியை நம்பி வாழும் நம் ஊரார்க்கு அவ்வாதத்தின் உட்பொருளை விரித்துரைக்க வேண்டுவதில்லை. எனினும் காங்கிரசு அமைத்த நிலச்சீர்திருத்தக் குழுவின் தலைமை தம்மிடம் வந்தபோது அவர் ஒதுங்கவில்லை. 1949இல் அக்குழு அளித்த அறிக்கை, உழவனுக்கும் அரசுக்கும் இடைப்பட்டோரை நீக்குமாறு வலியுறுத்தியது.

அவர் பேச்சு கடுமையானது. சினமும் விரைந்து வரும். தாவீதின் மென்மையை அவரிடம் தேடினால் ஏமாற்றமே மிஞ்சும். நாத்தானின் குரலையே கேட்கலாம். ஔவையார் ஏந்திய நயமும் அவர்க்கு வாய்க்கவில்லை. ஆயின் அக்கடுமை அறைகூவலாக நேரில் வந்தது. புறங்கூற்றாக மறைவில் திரியவில்லை. இறுதி ஆண்டுகளை மதுரை மாவட்டக் கல்லுப்பட்டியின் காந்தி நிகேதனில் எளிய வாழ்க்கையில் கழித்தார். பதவியை நாடவில்லை, ஆள்வோரைக் குறைகூறி எழுதுவதையும் நிறுத்தவில்லை. 1960 சனவரி 30 அன்று சென்னையில் மறைந்தார்.