ஒட்ட மறுத்த எலும்புக்குக் காலில் இருந்து வந்த துணை

தேக்கா சந்தையில் இருந்து புக்கிட் தீமா சாலையைக் கடந்தால் கேகே மகளிர், சிறார் மருத்துவமனை. 1997ஆம் ஆண்டு இங்கு வருவதற்கு முன்பு அது ஹேம்ஷியர் சாலையில் இருந்தது. ‘கண்டாங் கெர்பாவ்’ என்றால் மலாய் மொழியில் எருமைக் கொட்டில் என்று பொருள். சிராங்கூன் வட்டாரத்தில் நம்மவர்கள் மாடு வளர்த்து வாழ்ந்த காலத்தின் நினைவுச்சின்னம் அந்தப் பெயர். 1924ல் 30 படுக்கைகளோடு தொடங்கிய பிரசவ மருத்துவமனை, 1966ஆம் ஆண்டு ஒரே ஆண்டில் ஏறக்குறைய 40,000 குழந்தைகள் பிறந்த இடமாகக் கின்னஸ் புத்தகத்தில் ஏறியது. இப்போதோ விளையாட்டுத் திடலில் விழுந்து கையை முறித்துக்கொண்ட பிள்ளைகளும் அங்கேதான் வருகிறார்கள்.

பிள்ளைகளின் முன்கை எலும்பு முறிவது சாதாரணம். மாவுக்கட்டுப் போட்டால் சில வாரங்களில் கூடிவிடும். அந்தக் காலத்தில் இதற்கு மருத்துவமனைக்கே போகாத குடும்பங்கள் உண்டு. மூங்கில் தப்பை, பச்சிலை, முட்டையின் வெள்ளைக்கரு என்று புத்தூர் கட்டு போட்டுக் குணமானவர்கள் நம் குடும்பங்களிலேயே இருப்பார்கள். சீன வைத்தியரிடம் போனவர்களும் உண்டு. அவர்களை எல்லாம் குறை சொல்வதற்கில்லை. வளரும் எலும்பு அப்படிப்பட்டது. ஓரளவு நேராக வைத்தாலே போதும், தானாகவே கூடிக்கொள்ளும்.

ஆனால் கூடாத எலும்பும் இருக்கிறதே, அதற்கு என்ன செய்வது?

இது அரிது. தோலைக் கிழித்துக்கொண்டு எலும்பு வெளியே வந்த விபத்து, சீழ் பிடித்து அரித்த எலும்பு, கட்டியோடு வெட்டி எடுக்கப்பட்ட எலும்பு ஆகியவை ஒரு வகை. இன்னொரு வகை பிறவியிலேயே வருவது. நியூரோஃபைப்ரோமெட்டோசிஸ் என்ற மரபணுக் கோளாறு உள்ள சில குழந்தைகளுக்கு உடம்பில் காப்பி நிறத் திட்டுகள் இருக்கும். அவர்களில் வெகு சிலருக்கு முன்கை எலும்பு ஒன்று மெலிந்து, வளைந்து, முறிந்து, பிறகு ஒட்டவே ஒட்டாது. முறிந்த இடம் மூட்டுபோல் அசையும். மருத்துவர்கள் அதைப் பொய் மூட்டு என்பார்கள். வேறு இடத்தில் இருந்து எலும்புத் துண்டு எடுத்து அங்கு வைத்தால் அதுவும் பல நேரங்களில் கரைந்துபோகும். பெற்றோருக்கு இதைவிட வேதனை என்ன வேண்டும்? அறுவைச் சிகிச்சை முடிந்தது என்று வீட்டுக்கு வந்தால், அடுத்த ஆண்டு மீண்டும் அதே அறை.

துண்டு கரைவதற்குக் காரணம் அது உயிரற்ற எலும்பு என்பதே. ரத்த ஓட்டம் அறுந்த துண்டு, சுற்றியுள்ள நலமான எலும்பின் தயவில்தான் பிழைக்க வேண்டும். இங்கோ சுற்றியிருப்பதே நோயுற்ற எலும்பு. அப்படியானால் ரத்தக் குழாயோடு சேர்த்தே எலும்பைக் கொண்டுவந்தால்? ஒரு மில்லிமீட்டர் அளவே உள்ள குழாய்களை நுண்ணோக்கியின் கீழ், தலைமுடியைவிட மெல்லிய நூலால் தைக்கும் கலை 1960களில் கைகூடிய பிறகுதான் இந்த யோசனைக்கு வழி பிறந்தது. ஜப்பானில் உயெபா என்ற நிபுணர் 1973ஆம் ஆண்டு இதே பொய் மூட்டு நோய்க்காக, முழங்காலுக்குக் கீழே வெளிப்புறமாக இருக்கும் மெல்லிய எலும்பான ஃபிபுலாவை ரத்தக் குழாயோடு எடுத்து முன்கையில் பொருத்தினார். ஆனால் அவர் அதை எழுதி வெளியிடப் பல ஆண்டுகள் ஆயின. அதற்குள் 1975ல் மெல்பர்னின் இயன் டெய்லர் குழுவினர் தங்கள் நோயாளியின் காலில் செய்ததை வெளியிட்டுப் புகழ் பெற்றுவிட்டனர். எழுதாமல் விட்டால் இப்படித்தான்!

சிங்கப்பூர் இதில் பின்தங்கவில்லை. இத்தனைக்கும் இங்கு எலும்பு மருத்துவம் வளர்ந்த கதை எளிமையானது. 1939ல் சிக்லாப் கடற்கரை ஓரம் செயின்ட் ஆண்ட்ரூஸ் மிஷன் நடத்திய மருத்துவமனையில், எலும்பில் காசநோய் கண்ட பிள்ளைகள் மாதக்கணக்கில் படுத்துக் கிடந்தார்கள். காற்றும் வெயிலும் நல்ல சாப்பாடும்தான் முக்கிய மருந்து. பின்னர் பல்கலைக்கழகத்தில் எலும்பு மருத்துவப் பேராசிரியராக விளங்கிய வி.கே. பிள்ளை, பொது மருத்துவமனையின் என். பாலச்சந்திரன் போன்ற நம்மவர்களும் இத்துறையை வளர்த்தார்கள். அந்த வழியில் வந்த பேராசிரியர் ராபர்ட் போ, 1979ஆம் ஆண்டு பிரிட்டிஷ் எலும்பு மருத்துவ இதழில் ஒரு கட்டுரை வெளியிட்டார். முன்கையின் ஆரை எலும்பின் கீழ்ப்பகுதிக்குப் பதிலாக ரத்தக் குழாயோடு ஃபிபுலாவை வைத்த கதை அது. 1988ல் அவரும் சகாக்களும் இன்னொரு படி மேலே போனார்கள். எலும்பை மட்டுமல்ல, அது வளர்வதற்கான குருத்து முனையையும் ரத்த ஓட்டத்தோடு மாற்றி வைத்ததை விவரித்தார்கள். குழந்தைக்கு இது பெரிய விஷயம். இன்று ஒட்டினாலும், உடன்பிறந்த எலும்பு வளர வளர இது குட்டையாகவே நின்றுவிட்டால் மணிக்கட்டு ஒரு பக்கமாகச் சாய்ந்துவிடுமே!

இதற்கும் விலை உண்டு. ஃபிபுலாவைக் கொடுத்த காலில், பிள்ளை வளரும்போது கணுக்கால் வெளிப்புறம் சாயக்கூடும். ஆகவே மிச்சமிருக்கும் கீழ்த்துண்டைப் பக்கத்து எலும்போடு திருகாணியால் பிணைத்து வைப்பார்கள்.

எதுவும் கைகொடுக்காதபோது கடைசி வழி ஒன்று இருக்கிறது. ஹே குரோவ்ஸ் என்ற பிரிட்டிஷ் நிபுணர் 1921லேயே விவரித்தது. ஒரு எலும்பின் மேல்பகுதியையும் மற்றதன் கீழ்ப்பகுதியையும் இணைத்து, இரண்டு எலும்புள்ள முன்கையை ஒற்றை எலும்பாக ஆக்கிவிடுவது. கை உறுதியாகும், பாரம் தூக்கும். ஆனால் முன்கை திரும்பாது. இரண்டு எலும்புகள் ஒன்றின்மேல் ஒன்று சுழல்வதால்தான் உள்ளங்கையை மேலே நிமிர்த்தித் திருநீறு வாங்குகிறோம், கீழே கவிழ்த்துச் சோற்றைப் பிசைகிறோம். ஒற்றை எலும்பில் அந்தச் சுழற்சி போய்விடும் என்பதால், எந்தக் கோணத்தில் கையை நிறுத்துவது என்று முன்கூட்டியே முடிவு செய்ய வேண்டும். எழுதவும் விசைப்பலகையைத் தட்டவும் கை சற்றுக் கவிழ்ந்திருப்பது வசதி. கையால் உண்ணும் வீட்டுப் பிள்ளைக்கோ கை வாய்க்கு எட்ட வேண்டும். இதைக் கத்தி எடுப்பதற்கு முன்பே மருத்துவரும் பெற்றோரும் உட்கார்ந்து பேசிக்கொள்கிறார்கள், சில சமயம் மேசையில் ஒரு தட்டையும் கரண்டியையும் வைத்துக்கொண்டு.