கீரிப்பாறைச் சேவலும் ஸ்காட்லாந்து மீனும்

இன்னைக்கு நாம பேசப்போறது ஒரு கோழி இறகைப் பத்தி. சிரிக்காதீங்க. இந்த இறகுக்குப் பின்னாடி கடல் தாண்டின வியாபாரம் இருக்கு, ரெண்டு நாட்டுச் சட்டம் இருக்கு, ஒரு மியூசியம் திருட்டும் இருக்கு.

கீரிப்பாறை, பாலமோர், பேச்சிப்பாறை பக்கம் விடியக்காலத்துல போனா காட்டுச்சேவல் கூவுறது கேக்கும். வீட்டுச் சேவல் மாதிரி நீட்டி முழக்காது; துண்டு துண்டா வெட்டிக் கூவும். இதுதான் சாம்பல் காட்டுக்கோழி. இந்தியாவுல மட்டும், அதுலயும் பெரும்பாலும் தெற்கு, மேற்குக் காடுகள்ல வாழுற பறவை. பாண்டிச்சேரியில இருந்த பியர் சோனராட் என்கிற பிரெஞ்சுக்காரர் இதைப் பத்தி எழுதினார். 1813-ல டெமிங்க் என்கிற டச்சு அறிஞர் அவர் பேரையே வச்சு 'கேலஸ் சோனராட்டி'ன்னு பேரிட்டார்.

இந்தச் சேவலோட கழுத்துதான் நம்ம கதை. அந்த இறகுகள்ல நடுத்தண்டு சில இடங்கள்ல தட்டையாகி, உருகின மெழுகுத் துளி உறைஞ்ச மாதிரி கெட்டியாயிடும். ஒரு வெள்ளைப் புள்ளி, நுனியில ஒரு மஞ்சள் புள்ளி. தொட்டுப் பாத்தா நகம் மாதிரி வழவழன்னு இருக்கும். கோழிகள்ல வேற எந்த இனத்துக்கும் இப்படி ஒரு கழுத்து கிடையாது.

இங்கிலாந்துக்காரங்க இதுக்கு வச்ச பேரு 'ஜங்கிள் காக்'. அங்க பணக்காரங்களோட பொழுதுபோக்கு சால்மன் பிடிக்கிறது. நாம தூண்டில்ல மண்புழு கோப்போம். அவங்க கொக்கியில பட்டுநூலும் இறகும் சுத்தி ஒரு பொய்ப்பூச்சி கட்டுவாங்க. அதுக்குப் பேரு ஃபிளை. 19-ஆம் நூற்றாண்டு நடுவுல பிறந்த 'ஜாக் ஸ்காட்' என்கிற ஃபிளை ரொம்பப் பிரபலம். அதுல தென்னமெரிக்காவோட டூக்கான், சீனாவோட தங்க நிறக் காட்டுக்கோழின்னு பல நாட்டு இறகுகள் சேரும். ரெண்டு பக்கமும் கண்ணு மாதிரி வைக்கிறது நம்ம காட்டுச்சேவல் இறகு. 1895-ல ஜார்ஜ் கெல்சன், சால்மன் ஃபிளைகளைப் பத்தி ஒரு தடிமனான புத்தகமே போட்டார். எந்த ஃபிளைக்கு எந்த இறகுன்னு அதுல பட்டியல் பட்டியலா இருக்கும்.

இதுல ஒரு வேடிக்கை இருக்கு. சால்மன் கடல்ல வளர்ந்து, முட்டை போட ஆத்துக்குத் திரும்பி வர்ற மீன். ஆத்துக்குள்ள வந்த பிறகு அது அநேகமா சாப்பிடுறதையே நிறுத்திடும். அப்புறம் ஏன் ஃபிளையைக் கவ்வுது? கோபமா, பழைய பழக்கமா, இன்னும் வாதம் நடக்குது. ஆனா எந்தப் பறவையோட இறகுன்னு மீன் கேக்கிறதில்ல. சாயம் போட்ட சாதாரண இறகும், மிருக ரோமமும் வச்சுக் கட்டின ஃபிளையிலயும் சால்மன் மாட்டுது. அப்போ காட்டுச்சேவலைக் கேட்டது யாரு? தூண்டில் பிடிச்ச மனுஷன்தான்.

சரி, அவங்க எப்படித் தேர்ந்தெடுப்பாங்க? இறகை ஒத்தையா வாங்கமாட்டாங்க. கழுத்துத் தோலை அப்படியே உரிச்சுக் காயவச்சதை வாங்குவாங்க. அதுக்குப் பேரு 'கேப்'. தலைப்பக்கம் பொடி இறகு, முதுகுப்பக்கம் பெரிய இறகு. சின்னக் கொக்கிக்குச் சின்னது, பெரிய கொக்கிக்குப் பெரியது. முதல்ல மெழுகுப் புள்ளி கீறல் இல்லாம இருக்கான்னு பாக்கணும். நுனி பிளந்த இறகை வார்னிஷ் வச்சு ஒட்டவேண்டி வரும். அப்புறம் பொடி இறகு எத்தனை இருக்குன்னு எண்ணணும், அதுக்குத்தான் கிராக்கி. வலப்பக்கத்துக்கு ஒண்ணு, இடப்பக்கத்துக்கு ஒண்ணுன்னு ஒரே அளவு ஜோடி கிடைக்கணும்.

இதுல ஒரு கொடுமை ஒளிஞ்சிருக்கு. இனப்பெருக்கக் காலம் முடிஞ்சா சேவல் இந்த அழகான கழுத்து இறகுகளை உதிர்த்துட்டு, மங்கலான இறகோட கொஞ்ச காலம் திரியும். அப்போ அந்தக் கழுத்துக்கு மதிப்பு இல்லை. அதனால நல்ல கேப் வேணும்னா, ஜோடி தேடிக் கூவுற காலத்துச் சேவலைத்தான் கொல்லணும். கூவுற சேவல் எங்க நிக்குதுன்னு கண்டுபிடிக்கிறதும் சுலபம்.

அந்தக் காலத்துல இறகு வியாபாரம் சால்மனோட நிக்கல. லண்டன், பாரிஸ் பெண்களோட தொப்பிக்காக உலகம் முழுக்கப் பறவைகள் செத்துச்சு. அதை எதிர்த்து 1889-ல இங்கிலாந்துப் பெண்கள் ஆரம்பிச்ச சங்கம்தான் இன்னைக்கு ஆர்எஸ்பிபி என்கிற பெரிய அமைப்பு. 1902-ல பிரிட்டிஷ் இந்திய அரசு காட்டுப் பறவைகளோட இறகு, தோல் ஏற்றுமதியைத் தடை செஞ்சுது. 1921-ல பிரிட்டன் தன் பக்கம் இறக்குமதிக்கும் தடைச் சட்டம் கொண்டுவந்துச்சு. விக்கிறவன் கதவையும் வாங்குறவன் கதவையும் மூட 19 வருஷம் ஆயிருக்கு. நடுவுல கள்ளக்கடத்தல் நல்லாவே நடந்துச்சு.

அப்போ நாஞ்சில் நாடு திருவிதாங்கூர் சமஸ்தானத்துல இருந்துச்சு. அங்க காட்டிலாகா அதிகாரி போர்டில்லனும் திருவனந்தபுரம் மியூசியத்துல இருந்த பெர்குசனும் 1903-04-ல திருவிதாங்கூர்ப் பறவைகளைப் பட்டியல் போட்டாங்க. 1933-ல சாலிம் அலி இதே பக்கம் கணக்கெடுக்க வந்தார். ஒரே பறவையை ஒருத்தர் நோட்டுப்புத்தகத்துல எழுதினார், இன்னொருத்தர் கொக்கியில கட்டினார். இன்னைக்கு 1972 வனஉயிர்ப் பாதுகாப்புச் சட்டம் காட்டுக்கோழியைக் காக்குது. இப்போ வெளிநாட்டுல சட்டப்படி விக்கிற கேப், அங்கேயே பண்ணையில வளர்த்த சேவலோடது. பிளாஸ்டிக் மாற்றும் இருக்கு.

ஆனாலும் பழைய புத்தகத்துல சொன்ன அதே இறகுதான் வேணும்ங்கிற வெறி தீரல. 2009 ஜூன்ல, இங்கிலாந்தோட ட்ரிங் ஊர் மியூசியத்துல இருந்து 299 பறவைத் தோல்களை ஒரு இளம் இசை மாணவர் திருடினார். அவர் ஃபிளை கட்டுறதுல கில்லாடி. ஆல்ஃபிரட் ரஸல் வாலஸ் சேகரிச்ச பறவைகளும் அதுல போச்சு. எங்க, எப்போ பிடிச்சதுன்னு சொல்ற சீட்டை வெட்டி எறிஞ்ச பிறகு, திரும்பக் கிடைச்ச தோலும் ஆராய்ச்சிக்கு உதவாது.

இன்னொரு விஷயம். நம்ம வீட்டுக் கோழியோட மஞ்சள் கால் இருக்கே, அந்த மரபணு சாம்பல் காட்டுக்கோழிகிட்ட இருந்து வந்ததுன்னு 2008-ல ஒரு ஆய்வு காட்டுச்சு. உலகம் முழுக்கக் கோழிப்பண்ணையில இந்தச் சேவலோட ஒரு துளி ஓடுது.

கடைசியா நிலவரம். காட்டுக்கோழி இப்போதைக்கு அழிவு அபாயப் பட்டியல்ல இல்ல. ஆனா அட்லாண்டிக் சால்மனை 2023 டிசம்பர்ல 'அச்சுறுத்தலை நெருங்குற' இனமா மாத்திட்டாங்க. பிரிட்டன்லயே அது அழியும் ஆபத்துல இருக்கு. இறகு தப்பிச்சுது, மீன் மாட்டிக்கிச்சு.

அதனால ஒரு சின்ன வேண்டுகோள். ஆன்லைன்லயோ ஊர்லயோ யாராவது 'காட்டுச்சேவல் கழுத்து இருக்கு'ன்னு காட்டினா, விலை கேக்காதீங்க, வனத்துறைக்குச் சொல்லுங்க. வாங்குறவன் விலை கேட்டதுலதான் இந்தக் கதை ஆரம்பிச்சுது.